மஞ்சள் பொட்டு வைத்த புஷ்

அரியலூரைத் தாண்டித் திருமழபாடி போகும் வழியில், ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கிற வேகத்தடையில்தான் எனக்கு அந்தச் சந்தேகம் முதன்முதலில் தட்டியது. முன்சக்கரம் ஏறி இறங்கியதும் இடது பக்கம் அடியிலிருந்து ‘டொக்’ என்றது. இதே சத்தத்துக்காகத்தான் ஆவணியில் புஷ் மாற்றியிருந்தோம். ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, பழையபடி டொக்.

பின்சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்த அம்மா, “ஏந் தம்பி, வண்டிக்கடியில அம்மி கொத்துறவன் எவனும் உக்காந்துருக்கானா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் புஷ்ஷை மாற்றவே இல்லை. துடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதையே திரும்பப் போட்டிருக்கிறான்.

அவன் என்றால் பாலிடெக்னிக்கில் என் பக்கத்து இடத்துக்காரன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரம்பலூரில், துறையூர் சாலையில், தகர ஷெட் போட்டுக் கார் வேலை பார்க்கிறான். நான் அதற்கு மேல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல் தூள் சலித்துக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கல் படித்தவன் தூள் சலிக்கிறான், படிப்பை விட்டவன் கார் கழற்றுகிறான். இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் நான் அவனைச் சந்தேகப்பட எப்போதும் தயாராகவே இருந்தேன் என்று இப்போது படுகிறது.

புஷ் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேருமிடத்தில் இருக்கும் ரப்பர் உருளை. இரும்பும் இரும்பும் நேரடியாக மோதாமல் நடுவே நின்று அடி வாங்கிக்கொள்வது அதன் வேலை. எங்கள் வண்டிக்கு என் பள்ளிக்கூட நாளிலிருந்து வயது. சுண்ணாம்புக்கல் லாரிகள் பெரம்பலூர்–அரியலூர் சாலையைச் சும்மா விடுவதில்லை. முதல் தடவை ரப்பர் தேய்ந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டே மாதத்தில் இரண்டாவது தடவை என்றால்தான் கேள்வி.

கேள்வி எனக்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. அப்பாவுக்கு வேறு முடிவு இருந்தது. அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ் படி ஏற முடியாது. செட்டிகுளத்துப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து திருமழபாடியில் அக்கா வீட்டுக்கு, பேரனைப் பார்க்க, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவள் போய்வருவது இந்தக் காரில்தான். அவள் வெளியே போவதே அது ஒன்றுதான்.

“பொங்கலுக்குள்ள சத்தம் நிக்கலன்னா புரோக்கர்ட்ட தள்ளிட வேண்டியதுதான்,” என்றார் அப்பா. “முதுகுல பிளேட்டு வச்ச பொம்பளைய ஏத்திட்டு நடுரோட்டுல சக்கரம் கழண்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

வேறு வண்டி வாங்குவது பற்றி அவர் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் அப்பா எங்களோடு வருகிற நாட்களில், வேகத்தடை நெருங்கினால் அம்மாவுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து இருமல் வரும்.

இரண்டாவது தடவை வண்டியை விடுவதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். ஆய்வகத்தில் மாதிரிப் பைகளில் எண் எழுத மஞ்சள் பெயின்ட் மார்க்கர் வைத்திருப்போம். அதைக் கொண்டுவந்து, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு புஷ்ஷின் விளிம்பிலும் ஒரு புள்ளி வைத்தேன். மாற்றினால் புள்ளி வெளியே வரும். மாற்றாவிட்டால் உள்ளேயே இருக்கும். நாளைக்கு எவனும் பேச முடியாது.

அன்று மாலை வரை ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் அந்த இரும்புக் கையைக் கழற்றி, பிரஸ் என்கிற அழுத்து மெஷினில் வைத்துப் பழையதைத் தள்ளி, புதியதை ஏற்றினான். திரும்ப மாட்டும்போது போல்ட்டை அரைகுறையாக முறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினான். ஆகா, பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“முழுசா டைட் பண்ணலயே?”

“வண்டி தரையில நின்னதுக்கப்பறம்தான்டா டைட் பண்ணணும். சக்கரம் தொங்கும்போது முறுக்குனா, எறக்குனதும் ரப்பர் முறுக்கிட்டுக் கிழியும். ஒங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?”

சொல்லித் தந்திருக்கலாம். அன்று நான் போகாமல் இருந்திருப்பேன்.

வேலை முடிந்ததும் பழைய புஷ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டினான். நீட்டும்போதே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

“என்னடா மாப்ள இது? பொட்டெல்லாம் வச்சு அனுப்பிருக்க? பொண்ணு பாக்க வர்றாங்களா இதுக்கு?”

என் கண் தன்னால் பையின் பக்கம் போனது. அவனுக்குப் புரிந்துவிட்டது. பையை என் மடியில் வைத்துவிட்டு, “எண்ணிப் பாத்துக்க. பொட்டு வச்சது எல்லாம் வந்துருச்சான்னு,” என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் எண்ணியும் பார்த்தேன். அத்தனையும் இருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். மார்கழி நடுவில், அதே பள்ளிக்கூடம், அதே வேகத்தடை, அதே டொக். அம்மா இருமினாள். முன்சீட்டில் இருந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது சந்தேகம் கடைக்குத் தாவியது. போலி ரப்பர். பெரம்பலூரில் புஷ் வாங்கின கடையில் போய் நின்று, புதியது ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் கீறினேன், முகர்ந்தேன், அமுக்கினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, அது மாம்பழம் இல்லீங்க,” என்றார். ரப்பர் கெட்டியாகத்தான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வண்டிக்கடியில் படுத்தேன். மாட்டி இரண்டு மாதம்கூட ஆகாத புஷ் உப்பி, விளிம்பு பிதுங்கி, கட்டைவிரல் வைத்தால் அல்வா மாதிரி உள்ளே போனது. விரலில் கறுப்பு ஒட்டியது. முகர்ந்தால் ஆயில் வாடை.

எஞ்சின் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் மாட்டும்போதே ஆயில் தடவியிருக்கிறான், சுலபமாக ஏறட்டும் என்று. போன் போட்டேன்.

“நீ ஆயில் போட்டுத்தானடா ஏத்துன?”

“சோப்புத் தண்ணி. நீ பக்கத்துலதான குந்திருந்த, போலீஸ்காரன் கணக்கா.”

“அப்ப ஆயில் எங்கேருந்து வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? ஒன் மஞ்சப் பொட்டக் கேளு, சொல்லும்.” வைத்துவிட்டான். அதன்பிறகு நான் அழைத்தால் எடுக்கவில்லை.

வார நாட்களில் கார் எங்கள் தகரக் கொட்டகையில் சும்மா நிற்கும். நான் ஆலைப் பேருந்தில் போய்விடுவேன். நான் இல்லாத நேரத்தில் அதன் கிட்டே யார் போகிறார்கள்? அவனே வந்துபோகிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால், எஞ்சினுக்கு நேர்கீழே சுத்தமாக இருந்தது. இரண்டு முன்சக்கரங்களுக்குப் பின்னால் மட்டும் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு.

அடுத்த வியாழக்கிழமை வெங்காயம் பிடுங்க ஆள் வருவதால் லீவு போட்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கொட்டகைப் பக்கமிருந்து சர்ர்... சர்ர்... என்று கைத்தெளிப்பான் சத்தம். மருந்தடிக்க அங்கே பயிர் ஒன்றும் இல்லையே என்று போய்ப் பார்த்தேன்.

அப்பா. டிராக்டரில் வடித்த பழைய ஆயிலில் டீசல் கலந்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கலப்பைக்கு அடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அடித்து முடித்தவர் அப்படியே திரும்பிக் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் குழாயை நீட்டி, பருத்தி இலையின் அடிப்பக்கம் மருந்து படுகிற மாதிரி கீழிருந்து மேலாக அடித்தார். அவ்வளவு பக்குவமாக.

“அப்பா, என்ன பண்றீங்க?”

“பாத்தா தெரியலயா? கலப்பைக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு.”

“எத்தன நாளா?”

“புஷ்ஷு மாத்துன நாள்லேருந்துதான். புதுசு போட்ருக்கு, மறுபடி கத்திடக்கூடாதுன்னு வாராவாரம் அடிக்கிறேன். அடிச்சா ரெண்டு நாளைக்குச் சத்தமே இருக்காது, தெரியுமா?”

“வித்துடலாம்னு சொன்னீங்க?”

“சொன்னேன். அதுக்காகக் கத்தட்டும்னு விட்ருவாங்களா?” குழாயைத் துடைத்தார். “ஒங்கம்மா இருமுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

இத்தனை நாள் நான் தேடிய ஆள் எதிரே குத்துக்காலிட்டு இருந்தார். பிடித்த சந்தோஷம் வரவில்லை. ஆயில் பட்டால் ரப்பர் உப்பி இற்றுப்போகும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “டிராக்டர் டயர்ல எவ்வளவு ஆயில் படுது. அது கரைஞ்சா போச்சு?” என்றார்.

நியாயமான கேள்விதான். கடையில் வாங்கிய புது புஷ்ஷின் ரப்பரில் இரண்டு துண்டு வெட்டினேன், மருந்துப் பாட்டில் கழுத்துக்குள் சரியாக நுழைகிற அளவுக்கு. ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதை அப்பாவின் கலவையிலும் போட்டுக் கொட்டகைச் சுவரில் வைத்தேன். அப்பா கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். ஆனால் தினம் காலையில் பாட்டில்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். திங்கட்கிழமை அவரே இரண்டையும் கவிழ்த்தார். தண்ணீர்த் துண்டு கையில் விழுந்தது. மற்றதைத் தட்டினார், உலுக்கினார், விரல் விட்டுப் பார்த்தார்.

“வர மாட்டேங்குதே,” என்றார். பாட்டிலைத் திரும்பச் சுவரில் வைத்துவிட்டு, “இனிமே அடிக்கல,” என்றார்.

நம்புகிறேன். இருந்தாலும், ஆயில் கேனில் இப்போது இருக்கிற மட்டத்துக்கு நேராக மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நண்பனிடம் போனில் மன்னிப்புக் கேட்க முடியாது, எடுக்க மாட்டான். ஷெட்டுக்கே போனேன். அந்தப் பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பருத்திக்கு அடிக்கிற மாதிரி அடித்ததைச் சொன்னபோது சிரித்துவிட்டான். சிரித்துவிட்டோமே என்று உடனே முகத்தை இறுக்கிக்கொண்டான்.

“பிரஸ் தர்றேன். புஷ்ஷு தர்றேன். ஆனா நான் கை வைக்க மாட்டேன். நீயே கழட்டு, நீயே ஏத்து. நான் பக்கத்துல குந்திக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வைக்கிறேன்.”

வரும் சனிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. பழைய கறுப்பை எல்லாம் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு பக்க இரும்புக் கையையும் நானே இறக்கி, நானே மாட்டி, வண்டி நான்கு காலில் நின்ற பிறகு கடைசி முறுக்கு. புரோக்கரிடம் அப்பா இன்னும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருமழபாடிக்கு அவரும் வருகிறார், தன் காதால் கேட்டால்தான் ஆச்சு என்கிறார். அம்மா இப்போதே பேரனுக்கு முறுக்குச் சுடச் சாமான் எடுத்து வைத்துவிட்டாள்.

அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேகத்தடை வரும்போது தயவுசெய்து இருமக் கூடாது.