சாமிதுரையின் இடது கை

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த சாமிதுரையை, எங்கள் தஞ்சாவூர் மருத்துவமனையில் தெரியாத டாக்டர் இல்லை. அவரை என்பதைவிட, அவருடைய இடது கையை.

முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசியை, டெக்னீஷியனான நான் அங்கேதான் ஏற்றுவேன். விரல் வைத்தால் அதிரும். காது வைத்தால் மதகில் தண்ணீர் பாய்கிற இரைச்சல். வலது கையில் முன்பு தைத்தது அடைத்துப்போயிற்று. இனித் தைக்க உடம்பில் நல்ல குழாய் இல்லை. இடது கையும் நின்றால் கழுத்திலோ தொடையிலோ டியூப்தான். டியூப் போட்டவர்களுக்குக் காய்ச்சல் வரும். அவருடைய பக்கத்துக் கட்டிலில் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள்.

சிறுநீரக மேற்படிப்புக்கு இப்போது பரீட்சை வேறு மாதிரி. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு தாள். நோயாளியின் மேல் கை வைத்துச் செய்வதைப் பேராசிரியர் நின்று பார்த்து, 'தனியாகச் செய்யலாம்' என்று கையெழுத்துப் போடவேண்டும். டயாலிசிஸ் கையைச் சோதிக்கும் தாளுக்கு, கோளாறில்லாத கை என்று எப்போதும் சாமிதுரையைத்தான் உட்காரவைப்பார்கள். விடையும் முன்பே எழுதியிருக்கும்.

"இந்தக் கையில எத்தனை டாக்டரு பாஸாயிருக்காங்க தம்பி! ஒருத்தராவது ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்களா?" என்பார்.

அப்படி மேற்படிப்புக்கு வந்திருந்த ஜெனிட்டா டாக்டருக்குச் சொந்த ஊர் பொறையாறு. குறுவை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தொடுவார். வேறொரு தாளில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். அவருக்குப் பரீட்சை வந்த வாரம், ஊசியை எடுத்தபின் சாமிதுரைக்கு ரத்தம் நிற்க அரைமணி ஆயிற்று. பத்து நிமிஷத்தைத் தாண்டினாலே குழாயில் எங்கோ அடைப்பு என்று சந்தேகப்படவேண்டும்.

"யார்ட்டயும் சொல்லாத தம்பி," என்றார், பஞ்சை அழுத்திக்கொண்டே. "வியாழக்கிழம அந்தப் பொண்ணுக்குப் பரீட்ச. ஆள மாத்துனா பதறிப்போயிடும்."

நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜெனிட்டா கையைப் பார்த்தார், விரல் வைத்தார், தூக்கச் சொன்னார். தூக்கினால் புடைப்பு அமுங்கவேண்டும். அமுங்கவில்லை. விரல் அங்கேயே நின்றது. பேராசிரியர் ஜன்னலோரம் போனில் இருந்தார்.

"ஐயா, ரத்தம் நிக்க நேரமாகுதா?"

"அதெல்லாம் இல்லம்மா, எப்பவும் போலத்தான்," என்று சாமிதுரை குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் எழுதுவாங்க. நீங்களும் எழுதிடுங்க."

பேராசிரியர் திரும்பினார். "என்னம்மா, கை ஜோசியமா? சொல்லுங்க."

"நார்மல் சார்."

விடை பொருந்தியது. கையெழுத்து விழுந்தது.

"ஸ்வீட்டு எனக்கு ஆகாது, சக்கர. தம்பிக்கு வாங்கிக் குடுங்க," என்று சாமிதுரை சிரித்தார்.

சனிக்கிழமை அவர் வந்தபோது கையில் அதிர்வு இல்லை. மூன்று பேர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். குழாய் முழுக்க ரத்தம் உறைந்து கயிறுபோல் கெட்டித்திருந்தது. திறந்து பார்த்தும் பயனில்லை. மாலையில் கழுத்தில் டியூப் போட்டார்கள்.

ஜெனிட்டா கட்டிலருகே வந்து நின்றார். "அன்னைக்கே என் விரலுக்குத் தெரிஞ்சுதுங்கய்யா."

"நான்தானம்மா பொய் சொன்னேன்."

"அதையும் தாண்டிக் கண்டுபிடிக்கணும்னுதானே பரீட்சையே."

நான் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியும் என்று அப்போதும் சொல்லவில்லை.

கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி ஜெனிட்டா பேராசிரியரிடம் போனார். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. பாஸானதைத் திருப்பிக் குடுக்குற ஆள இப்பதான் பாக்குறேன்," என்றார் அவர். இரண்டு மாதத்தில் ஜெனிட்டா படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

சாமிதுரைக்கு இருமுறை குளிர்க்காய்ச்சல் வந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கழுத்து டியூபைப் பிடுங்கித் தொடையில் போடவேண்டியதாயிற்று. டியூப் போடுவதற்கும் தனியாக ஒரு தாள் உண்டு. புதிதாகச் சேர்ந்த வெற்றிசெல்வன் டாக்டருக்கு அது முதல் தடவை.

"மரத்துப்போச்சாங்கய்யா? வலிச்சா சொல்லுங்க."

சாமிதுரை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பித் துண்டைக் கடித்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் கால் வெட்டி இழுத்தது.

"வலிக்குதா?"

சாமிதுரை துண்டை இன்னும் அழுத்திக் கடித்தார். வாசலில் நின்ற அவர் மனைவி மங்களாம்பிகைதான் சொன்னார்: "அவர்ட்ட கேக்காதீங்க டாக்டர். அன்னைக்கு வாயத் தொறந்துதான் கை போச்சுன்னு, இனிமே டாக்டருங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேன்னுட்டாரு. நீங்களேதான் பாத்துக்கணும்."

வெற்றிசெல்வன் பேராசிரியரைப் பார்த்தார். அவர் மேலே செய்யும்படி தலையசைத்தார். ஊசி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.