தக்காளி போடாத ரசம்

இன்று கிரவீன் பகுதித் தமிழ்க் கடையில் அடுத்த தெரு அன்ரி என் கூடையை எட்டிப் பார்த்தார். அரிசி, உருளைக்கிழங்கு, உள்ளி, பியர்ஸ் பழம்.

"என்ன பிள்ளை, ஒரு தூளும் வாங்கேல்லையோ?"

உடம்பெல்லாம் அரிப்பு என்றேன். சாப்பாட்டில் இயற்கையாகவே இருக்கும் சாலிசிலேட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பார்க்க, மஞ்சள், சீரகம், மிளகு, தக்காளி எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

தேயிலையும் கூடாது. தேத்தண்ணிகூடக் குடிக்காதவளை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? அதை மட்டும் அன்ரியிடம் சொல்லவில்லை.

மத்தியானம் வீட்டு மணி அடித்தது. பார்சல்காரர் என்று நினைத்துத் திறந்தேன். அன்ரி, கையில் பிளாஸ்க்.

"ரசம் பிள்ளை. நீ சொன்னனியெண்டு தக்காளி போடேல்லை. உந்த அரிப்புக் கடிக்கு நல்லதெண்டு சீரகமும் மிளகும் கூடப் போட்டனான். சூட்டோட குடி."

"உள்ளுக்கு வாங்கோ அன்ரி."

"இல்லைப் பிள்ளை, அங்கிள் காருக்குள்ள இருக்கிறார். போட்டு வாறன்."

கார் திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

பிறகு பிளாஸ்கின் மூடியைத் திறந்து மேசையில் வைத்தேன். அதற்கு எதிரே உட்கார்ந்து வெறும் சோறும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருப்பது போல மணந்தது.

ரசத்தைத் தொடவில்லை. சத்தியமாக.

வாசத்திலும் சாலிசிலேட் இருக்கும் என்று தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து இன்றைக்கு மட்டும் சொல்லாதீர்கள்.