கிரான்குளம் தாண்டாத கார்

எங்கள் முதல் பிள்ளையை நாங்கள் ரோட்டிலேயே இழந்தோம். சண்டைக் காலம். என் மனைவி புவனத்துக்கு விடியற்காலையில் பிரசவ நோ கண்டது. எங்கள் ஊர் களுதாவளையில் அன்று வாகனம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் ரோட்டில் வண்டியை இறக்குவதே உயிரோடு விளையாடுகிற வேலை. கடைசியில் ஒரு டிராக்டர் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்கவைத்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றிப் போய்ச் சேர மதியம் கடந்துவிட்டது. ஆண் பிள்ளை. அது அழவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாகப் புவனம் அதிகம் பேசவில்லை. மறுபடி அவள் கர்ப்பமானபோது டாக்டர் அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த முறை கத்தி வைத்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும். நோ கண்டால் ஒரு மணித்தியாலம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிந்தினால் பிள்ளையோடு தாயும் போய்விடுவாள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்போது கத்தி வைக்கிற வசதி இல்லை. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கக் கட்டில் இல்லை. டவுனில் போய்த் தங்க எங்களுக்கு உறவும் இல்லை. ஆகவே நான் ஒரு பழைய கார் வாங்கினேன். அந்த ஒரு பயணத்துக்காக மட்டும்தான் வாங்கினேன்.

விநாயகன் அடியார்களே, நான் மேடையில் பேசுகிறவன் இல்லை. வெற்றிலைத் தோட்டக்காரன். பிள்ளையார் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆவேன் என்றுதான் எழுதுகிறேன். என் மடத்தனத்தையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது. அதை மறைத்தால் அவர் செய்த உதவி உங்களுக்கு விளங்காது.

ஊரில் யாருடைய நீர்ப்பம்பு பழுதானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எஞ்சின் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. தோட்டத்துப் பம்பு எஞ்சின் காற்றில் குளிர்கிறது, காரின் எஞ்சின் தண்ணீரில் குளிர்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நான் யோசித்ததே இல்லை. பெரியகல்லாறு என்ற ஊரில் காரைப் பார்த்தேன். என் வயது இருக்கும். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. வேறு ஒருவரையும் கூட்டிப்போய்க் காட்டவில்லை. ஊருக்கு ஓட்டிவந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

வாங்கிய மறுநாளே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, குருக்கள் முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எனக்கு அது போதவில்லை. பொனட்டைத் திறந்து, குழைத்த மஞ்சளை என் கையாலேயே அள்ளி, எஞ்சினிலும் ரேடியேற்றரிலும் அதன் மூடியிலும் பூசினேன். குருக்கள் சிரித்தார். தம்பி காருக்குக் கலியாணம் செய்கிறான் என்றார்.

அடுத்த கிழமை டவுனுக்குப் போனபோது வழியில் கிரான்குளத்தில் கார் கொதித்தது. சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய், பொனட்டின் இடுக்குகளால் புகை வந்தது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றித் திரும்பிவந்தேன். தண்ணீர் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறை நிரப்பிக்கொண்டு போனேன். மறுபடியும் கிரான்குளம். ஃபான் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினேன். கிரான்குளம். ரேடியேற்றர் மூடியை மாற்றினேன், தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தேன், வாட்டர் பம்பைப் பிரித்துப் பூட்டினேன். கலங்கி வந்த தண்ணீரைத் துருத் தண்ணீர் என்று ஊற்றிவிட்டேன். ஊருக்குள் எவ்வளவு ஓடினாலும் ஒன்றுமில்லை. டவுன் பக்கம் ஏழெட்டு மைல்கட்டை ஓடினால் கொதிக்கும். ஒருமுறை எப்படியோ அந்த இடம் தாண்டி ஒரு சாவடி வரிசையில் நின்றபோது மூடியால் நீராவி சீறியது. ஆமிக்காரர் துவக்கை நீட்ட, முன்னும் பின்னும் நின்ற சனம் எல்லாம் நிலத்தில் படுத்தது. வெடிக்கிற கார் என்று நினைத்துவிட்டார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதில் ஒரு தம்பி சுட்டிருந்தாலும் அவன்மேல் பிழை சொல்ல ஏலாது.

ஒவ்வொரு முறை கொதித்த பிறகும் பொனட்டின் உட்பக்கத்தில் மஞ்சள் புள்ளிகள் தெறித்திருக்கும். ரேடியேற்றர் மூடியைச் சுற்றியும் மஞ்சள். இதைக் கண்ட புவனம் ஒருநாள் துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். நான் அவளைத் தடுத்தேன். அது கோயில் மஞ்சள், துடைத்தால் பாவம், அதுவாவது காவலுக்கு இருக்கட்டும் என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வீட்டாரிடம் கேட்பதற்கும் வெட்கம். காரைக் காணும்போதெல்லாம் டிராக்டர் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளை மறுபடி அதே ரோட்டில் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தப்போகிறேன் என்ற பயம் என்னைத் தின்றது. அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று தோட்டத்தில் தனியே இருந்து அழுதிருக்கிறேன்.

ஒரு சதுர்த்தி அன்று காலையில் கோயிலுக்குப் போனேன். அதுவரை நான் கேட்டதெல்லாம், அப்பனே, கார் கொதிக்காமல் ஓடவேண்டும் என்பதுதான். அன்று ஏனோ அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "எனக்குத் தெரியல்ல. எங்க பிழை எண்டு நீ காட்டு. என்ர மண்டைக்கு விளங்கிற மாதிரிக் காட்டு" என்றேன். எனக்குத் தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் இலேசாகிவிட்டது.

அன்று புவனத்துக்கு டவுனில் கிளினிக் நாள். வழக்கமாகப் பஸ்ஸில் போவோம். அன்று பஸ் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் அவளைக் காரில் ஏற்றினேன். போகும்போது, கோயிலில் என்ன கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன். கிரான்குளம் வந்தது. முள் ஏறியது. ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்துவிட்டு, பிள்ளையாரே இதுதானா உன் பதில் என்று ரோட்டோரத்தில் குந்திவிட்டேன்.

புவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். நீராவி வருகிற பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இஞ்ச வாங்க. இது மஞ்சள் அவியிற மணம்" என்றாள்.

நம் கோயில் மஞ்சள்தான் என்றேன்.

"நீங்க பூசி ரெண்டு மாசமாகிது. எத்தின தரம் தண்ணி ஊத்திப் போட்டீங்க, எத்தின மழை பெய்ஞ்சிது. அது இன்னும் நிண்டிரிக்குமா? பூசின மஞ்சள் இப்பிடி மணக்காது. இது உள்ளுக்க கிடந்து அவிஞ்சு வருகிது."

அவள் சமைக்கிறவள். பச்சை மஞ்சளின் மணமும் கொதியில் கிடந்த மஞ்சளின் மணமும் அவளுக்குத் தெரியும். எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டேன். விரல் நிறைய மஞ்சள் சேறு வந்தது. ஓட்டை விழுந்த ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூளைக் கொட்டி ஒழுக்கை நிறுத்துவது லொறிக்காரர்கள் அவசரத்துக்குச் செய்கிற கைவைத்தியம். நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு முன் வைத்திருந்த யாரோ அதைச் செய்து, அளவு தெரியாமல் கொட்டியிருக்கிறார்கள். காரின் நோய் முதல் நாளிலிருந்தே வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பிரசாதம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே புவனத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

ரேடியேற்றரைப் பிரித்து ஒட்டக்கூடியவர் அந்தப் பக்கத்தில் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில்தான் இருந்தார். அந்த வருடங்களில் எங்கள் ஊர்களுக்கும் காத்தான்குடிக்கும் இடையில் நடந்ததை நான் இங்கே விரித்து எழுதவில்லை. இரண்டு பக்கத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய ரோட்டால் போய்வருவேனே தவிர, அங்கே இறங்கி நான்கு வருடம் இருக்கும். வேண்டாம், வீட்டுக்குத் திரும்புவோம், நானே கழுவிப் பார்க்கிறேன் என்றேன்.

புவனம் என்னைப் பார்த்தாள். "பிள்ளையாரிட்ட வழி கேட்டீங்க. அவர் காட்டினாப் பிறகு, இந்த வழி வேணாம் எண்டு சொல்லப் போறீங்களா?" என்றாள்.

நான் பொனட்டை மூடினேன். இரண்டு இடத்தில் நின்று ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காத்தான்குடிக்குப் போனோம். ஆதம்லெப்பை காக்கா என்று ஒருவர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். தகரக் கொட்டிலுக்குள் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். எந்த ஊர், யார் என்று அவர் கேட்கவில்லை. புவனத்தின் வயிற்றைக் கண்டதும் தன் மனைவியைக் கூப்பிட்டு அவளை வீட்டுக்குள் அனுப்பிவைத்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேற்றரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். மேல்பக்கம் சுட்டது. நடுப்பக்கம் குளிர்ந்து கிடந்தது.

"இதுக்குள்ள தண்ணி ஓடல்ல தம்பி. ஓட்டைய அடைக்கப் போட்ட மஞ்சள் குழாயையும் சேத்து அடைச்சிரிக்கி" என்றார்.

இரண்டு மாதமாக நான் கழற்றிப் பூட்டியதற்குக் கிடைக்காத விடை, அவருடைய உள்ளங்கைக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. ரேடியேற்றரைக் கழற்றி, மேல்தட்டை ஈயம் உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயாக மெல்லிய கம்பியை விட்டு எடுத்தார். மஞ்சள் களி தள்ளிக்கொண்டு வந்தது. நடுவில் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். மஞ்சள் மறைத்துவைத்திருந்த ஓட்டையைத் தேடிப் பிடித்து ஈயத்தால் அடைத்தார். கிளினிக் அன்று தவறிப்போனது. புவனம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருந்தாள். மாலையில் ஆமி ரோட்டை மூடுவதற்கு முன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். முள் அசையவில்லை. ஆனாலும் என் பயம் முழுதாகப் போகவில்லை.

பதினொரு நாள் கழித்து, சொன்ன நாளுக்கு முன்னமே, ஒரு காலையில் நோ கண்டது. நல்ல மழை. காரை எடுத்தேன். என் கண் பாதி ரோட்டில், பாதி முள்ளில். செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம். பின்சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த புவனம், முள் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். நடுவில் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் கேட்டாள். நடுவில்தான் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, கையை வயிற்றில் வைத்திருந்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. இரண்டு வருடத்தில் அந்த முகத்தை அன்றுதான் கண்டேன். சாவடி வரிசையில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றோம். ஒரு ஆமிக்காரத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, அவளை இறக்காமலே கையைக் காட்டி அனுப்பினான். பெரியாஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே எடுத்தார்கள். மதியத்துக்கு முன் பெண் பிள்ளை பிறந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அதன் அழுகை கேட்டது. அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு நோ கண்டாலும் என் கார் போனது. முடியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டேன். புவனம் வாயெடுத்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

உங்களுக்கும் ஒரு கிரான்குளம் இருக்கலாம், அதைத் தாண்ட முடியாமல் நிற்கலாம். அவரிடம் கேளுங்கள். இப்படித்தான் செய்து தா என்று கட்டளை போடாமல் கேளுங்கள். பதில் வரும். உங்கள் வீட்டுக்குள் இருப்பவர் வாயாலும் வரும், நீங்கள் கால் வைக்க விரும்பாத தெருவிலிருந்தும் வரும்.

பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பிய அன்று காத்தான்குடியில் நிறுத்தினோம். காக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் குனிந்து முள்ளைத்தான் பார்த்தார். பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார். கை கரி என்று தொடவில்லை. எங்கள் பிள்ளையார் கைவிடவில்லை காக்கா என்று புவனம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஓம் மகள். அண்டைக்கு நீங்க போனதில இருந்து, அஞ்சு நேரத் தொழுகையிலயும் இந்தப் பிள்ளைக்காக நானும் துஆ கேட்டன்" என்றார்.

அது யார் கேட்டதற்குக் கிடைத்த பதில் என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை. சதுர்த்திக்குச் சதுர்த்தி கோயிலில் நின்று நன்றி சொல்லும்போது, அவருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டு வருகிறேன்.