ஜெனரலின் தகப்பன் பெயர்

கல்யாணக் கடிதம் எழுதுவதில் எனக்கு இருந்த கைராசிதான் ஒரு மனிதரைக் கப்பலேற்றியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் அரசாங்கக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் மாதா கோயில் சனங்கள் பெண்ணெடுக்கவும் கொடுக்கவும் என்னிடம்தான் கடிதம் எழுதச் சொல்வார்கள். என் கடிதங்களில் யாருடைய தகப்பனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியதில்லை. பால் வெட்டினவர் கங்காணி ஆவார். கங்காணி நிலபுலன் உள்ளவர் ஆவார். சம்பந்தி வீட்டுக் கடிதமும் அப்படித்தான் வரும். இரண்டு பக்கமும் ஒரு படி குறைத்துப் படித்துக்கொள்வோம், அதற்குப் பொய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. என் சொந்த அப்பாவையே என் கல்யாணத்தில் கங்காணி ஆக்கியவன் நான்.

இந்தப் பேரைக் கேட்டுத்தான் ஜெனரல் என்னைத் தேடி வந்தார். சீனாவில் ராஜாவைக் கவிழ்த்த புரட்சியில் படை நடத்தியவர். இடது கையில் இரண்டு விரல் இல்லை. தோற்று ஓடிவந்து பெக்கான் நானாஸில் அன்னாசித் தோட்டம் போட்டிருந்தார். பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் கையில் இரண்டு அன்னாசிப் பழம் இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு அந்தப் பழங்களைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அவருக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் ஓலை வந்திருந்தது. நீ யார், உன் குடும்பம் எது, உனக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று.

"ஊருக்குப் போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"துறைமுகத்திலயே சுடுவாங்க," என்றார். அவர் பேசியது சந்தை மலாய். நான் தமிழில் சொல்கிறேன்.

சுடப்போவது யார் என்பதையும் அவரே சொன்னார். மூன்று பேர் ஓர் ஆற்றங்கரையில் ஒரே கிண்ணத்தில் குடித்துச் சகோதரர்களாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள். ஒருவன் அவர் மடியிலேயே செத்தான். இன்னொருவன் இப்போது அந்த மாகாணத்தை ஆள்கிறான். சுடப்போவது அவனுடைய ஆட்கள். அதற்குப் பிறகு படையில் சேர்ந்துகொண்ட கூட்டாளி ஒருவர் சயாமில் அரிசி ஆலை வைத்திருந்தார். அவருக்கு எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அந்த உறையை ஜெனரல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

மிஞ்சியது மேசன்கள் என்கிற ரகசியச் சங்கத்தார் கூடுகிற லாட்ஜ் ஒன்றுதான்; ஜெனரலும் அதில் சேர்ந்திருந்தார். வெள்ளைக்காரன், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அங்கே ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைப்பார்களாம். ஊரில் அதற்குப் பேய் வீடு என்று பெயர். அவருடைய மனுவை விசாரிக்கப்போகிற வெள்ளைக்கார அதிகாரி, எங்கள் துவானே, அந்த லாட்ஜின் தலைவர்.

"அங்க சேரும்போது என் வம்சத்தப் பத்தி எல்லாம் சொல்லி எழுத வச்சிருக்கேன், கிராணி. நான் அங்க சொல்லி வைக்கிறேன். நீங்க போய் அந்த ஏட்டப் பாத்து அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது," என்றார்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "அந்தப் படியில கால வச்சா இந்தப் படியில கால வைக்காதே," என்றார். நான் பயந்தாங்கொள்ளி. ஒரு நாள் மத்தியானம் லாட்ஜ் கேட் வரைக்கும் போனேன். தோட்டக்காரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வழி தவறியவனைப் போல் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு அலுவலக டைப்ரைட்டரில் நானே வம்சம் அடித்தேன். ஜெனரல் என்றால் எப்படி இருக்க வேண்டும்? பாட்டனார் அரசவையில் நீதிபதி. தகப்பனார் பெரிய நிலச்சுவான்தார். கல்யாணக் கடிதத்தில் வருகிற வரிகள்தான், கொஞ்சம் சீனத்து ஜரிகை சேர்த்தேன். பெயர் தெரியாத இடத்தில் 'மதிப்புக்குரிய பெரியவர்' என்று போட்டேன். ஜெனரலுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"ஏட்ல இருக்கிற மாதிரியே இருக்கா?"

"அப்படியே இருக்கு," என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

விசாரணையன்று குறிப்பெடுக்க என்னையே உட்கார வைத்தார்கள். துவான் மேசையில் இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் மனு. மற்றது லாட்ஜிலிருந்து வந்தது. அதில் இருந்ததைத் துவான் பெயர் எதுவும் சொல்லாமல் சுருக்கிச் சொன்னார்: தகப்பன் ஆற்றில் கயிறு கட்டிப் படகு இழுத்த கூலி. பாட்டன் யாரென்றே தெரியாது என்று இருந்தது.

"சகோதரர்கள் முன்னால் சத்தியம் செய்து எழுதியது பொய்யா, அரசாங்கத்துக்கு எழுதியது பொய்யா?" என்று துவான் கேட்டார். "எது பொய்யானாலும் நீ சொல்லும் வேறெதையும் நான் எப்படி நம்புவது? இதை டைப் அடித்தது யார்?"

அரசாங்கக் கிராணி வெளியாருக்கு மனு எழுதினால் வேலை போய்விடும். எனக்கு நான்கு பிள்ளைகள். பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். ஜெனரல் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"சிங்கப்பூர்ல தெருவோரமா டைப் அடிக்கிற ஒருத்தன்," என்றார். "நான் சொன்னதத்தான் அவன் எழுதினான். பெரிய மனுசன் மாதிரி தெரியணும்னு நான்தான் சொன்னேன்."

அதையும் நானே குறித்துக்கொண்டேன். என் கையெழுத்து அன்று நன்றாகவே இருந்தது; அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கப்பலுக்காக அவரைச் சிங்கப்பூருக்கு ரயிலேற்றிய காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அதே வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன்.

"ஏன் உள்ள போகல?" என்று மட்டும் கேட்டார். சாமியார் சொன்னதைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார்.

"லாட்ஜ் உள்ள எல்லாரும் ஒரே தரையில நிப்போம், கிராணி. அதனால அங்க மட்டும்தான் எங்கப்பாவப் பத்தி உண்மைய எழுதச் சொன்னேன். படகு இழுக்கிறவன் பேர யார் எழுதி வைப்பாங்க? அவர் பேரு அந்த ஏட்ல மட்டும்தான் இருக்கு. சரியா எழுதியிருக்காங்களான்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு தடவ போய்ப் பாருங்க."

"பாக்குறேன்," என்றேன்.

அவரைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் வரவில்லை. வராததே தகவல்தான். அந்தச் சாமியாரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் லாட்ஜைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. லாட்ஜ் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. கேட் வரைக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவருடைய தகப்பன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.