ரீச்சர் வீட்டு இரண்டு வாக்குகள்

இரண்டு வெள்ளை உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பெருவிரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரீச்சர் என் கையில் தருவார். அமெரிக்காவில் தேர்தல் வரும் இலையுதிர்காலங்களில் இது தவறாமல் நடக்கும். ஒன்றில் அவருடைய வாக்கு, மற்றதில் அவருடைய கணவரின் வாக்கு. ஜேர்மனியின் பான் நகரில் ரைன் நதியை ஒட்டிய சில தெருக்களுக்குக் கடிதம் கொடுக்கும் தபாற்காரன் நான். வாசலில் நின்று கடிதம் வாங்கிக்கொண்டு போவது என் வேலை இல்லை; அதற்குத் தெருமுனையில் மஞ்சள் பெட்டி இருக்கிறது. ஆனாலும் முத்திரை ஒட்டிக் கையோடு நீட்டும் வயதானவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. "இரண்டும் ஒண்டையொண்டு வெட்டிப்போடும், நீர் சும்மா பாரம் சுமக்கிறீர்" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுப்பார். அவர் ஒரு கட்சி, இவர் மற்றக் கட்சி. கலியாணம் கட்டிய காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

ரீச்சர், அதாவது ஆசிரியை, என்பது நானும் மனைவியும் எங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட பெயர். அமெரிக்கத் தூதரகம் இந்த ஊரில் இருந்த காலத்தில், அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அவர். கணவர் அமெரிக்க இராணுவத்தின் வானொலிக் கருவிகளைத் திருத்தியவர். தூதரகம் பெர்லினுக்கு மாறியபோது எல்லோரும் மூட்டை கட்டினார்கள். இவர்கள் இருவரும் தோட்டத்தில் நட்ட செர்ரி மரம் காய்க்கட்டும் என்று தங்கிவிட்டார்கள். இருவரும் என்னோடு பேசியது ஜேர்மன் மொழியில். அதை நான் எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுத முடியும், வேறு தமிழ் எனக்கு வராது.

ரீச்சரைப் போல ஒழுங்கான மனிதரை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்த வீட்டுக்குரிய ஒரு துணிக்கடை விளம்பரப் புத்தகத்தை நான் தவறுதலாக அவர் பெட்டியில் போட்டுவிட்டால், குப்பைக்குப் போகப்போகிற அதைப் பனியில் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரும்போது எனக்கு ஏதாவது தர வேண்டும் என்று ஆசை. ஆனால் தபாற்காரர் எவ்வளவு பெறுமதியான அன்பளிப்பை வாங்கலாம் என்று ஒரு வரையறை இருக்கிறதாமே என்று என்னிடமே விசாரித்து, அதற்கு உட்பட்ட ஒரு சொக்கலேற் பெட்டியைத் தருவார். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டில் ஒரு சட்டி கறியையே தந்து அனுப்புவார்கள், வரையறையாவது ஒன்றாவது.

அந்த இரண்டு உறைகளையும் வாங்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருக்கும். ஊரில் எங்கள் ஒழுங்கையில் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர், ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இரண்டு ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். பிறகு ஒருவன் வீட்டுக்கு வரும்போது மற்றவன் வர முடியாது. கடைசியில் ஒருவனும் வரவில்லை. அரசியல் என்றால் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்த எனக்கு, எதிர் எதிர் வாக்குகளை ஒரே மேசையில் இருந்து நிரப்பிவிட்டு, ஒரே தபால் முத்திரைத் தாளிலிருந்து கிழித்து ஒட்டி, பிறகு ஒன்றாகக் கோப்பி குடிக்கும் இந்தக் கிழவனும் கிழவியும் பெரிய அதிசயமாகத் தெரிந்தார்கள். இது அமெரிக்காவின் குணம் என்று நம்பினேன். மனைவியிடமும் பெருமையாகச் சொல்வேன். அவளுக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஒரு கோடையில் அந்த வீட்டுக்கு இரண்டாவது தொலைக்காட்சி வந்தது. பிறகு கணவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு மேல்மாடியில் ஒன்றைப் பார்ப்பார், ரீச்சர் கீழே இன்னொன்றைப் பார்ப்பார். கதவு திறக்கும்போது முன்பெல்லாம் இரண்டு பேரின் குரல் கேட்கும். இப்போது செய்தி வாசிக்கிறவர்களின் குரல்தான் கேட்டது. அதோடு அவர்களுடைய மகனின் விடயமும் சேர்ந்துகொண்டது. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் கட்டிய பெண், சிறு வயதில் தெற்கே ஒரு நாட்டிலிருந்து தாய் தகப்பன் கைபிடித்து எல்லை தாண்டி வந்தவள். அங்கேயே படித்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து, ஒரு பெண்பிள்ளையும் பெற்றுவிட்டாள். களவாக எல்லை தாண்டியவள் என்பதால், அந்த நாட்டுக்காரனைக் கட்டியும் விசா மட்டும் கிடைக்கவில்லை. இப்படியானவர்களை எல்லாம் பிடித்து வண்டியில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்புவோம் என்று சொன்ன கட்சிக்குத்தான் கணவரின் வாக்கு.

அவர் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பேத்திக்கு மரத்தில் பொம்மை வீடு செய்து, அது உடையாமல் போக எப்படிக் கட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பொதி செய்தவர். மருமகளின் பெயரைச் சொல்லும்போதே முகம் மலரும். ஆனால் அரசியல் என்று வந்தால் வாசற் படலையில் கையை ஊன்றிக்கொண்டு, "சட்டம் எண்டால் சட்டம்தான். ஆருக்கும் ஒரே சட்டம்" என்பார். நான் வேறொருவரின் கடவுச்சீட்டில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவன். அதை அவருக்கு ஒருநாள் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "உம்மைச் சொல்லேல்லை. நீர் வேற" என்றார். மருமகளும் வேறுதானாம். அவர் அறிந்த எல்லோரும் வேறு. அறியாதவர்கள்தான் போக வேண்டும். அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் ஒரே வண்டிதான் வரும் என்பது அவருக்குப் புரியவே இல்லை. எனக்கும் விளக்கிச் சொல்லக் களைப்பாக இருந்தது.

கடந்த தேர்தலுக்கு முன் ரீச்சர் மட்டும் வாசலுக்கு வந்தார். கணவர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து மேலே படுத்திருந்தார். இரண்டு உறைகளையும் நீட்டினார். நான் பிடித்த பிறகும் கீழே இருந்த உறையை அவர் விடவில்லை.

"கடிதங்கள் சிலநேரம் துலையிறதுதானே" என்றார்.

நான் அந்த உறையின் மூலையில் இருந்த பெயரைப் பார்த்தேன், கணவருடையது.

"இது துலைஞ்சால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். அவருக்கும் தெரிய வராது."

விளம்பரப் புத்தகத்தைப் பனியில் நடந்து கொடுத்த அதே மனிதர்தான். பேக்கரியில் பாண் கேட்பதுபோலக் கேட்டார். ஒரு கடிதத்தை மறைத்தால் என் வேலை போகும், அதற்கு மேலே வழக்கும் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நான் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்திருக்கலாம். அன்று வேலை முடிந்ததும் இரண்டையும் மற்றக் கடிதங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவா ஏன் தானே கிழிச்சுப் போடேல்லை? வீட்டில குப்பைவாளி இல்லையே?" என்று கேட்டாள். "உங்கட கையால செய்விக்கப் பாத்திருக்கிறா."

அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியபிறகு வேறு பலதும் நினைவுக்கு வந்தது. ஊரில் ஒருவரை இயக்கக்காரர் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுவிட்டுப் போனபோது, எங்கள் பாடசாலை அதிபர், ஒரு புழுவைக்கூட மிதிக்காத மனிதர், "சும்மா சுடுவாங்களே, ஏதும் இருக்கும்" என்றார். நல்லவர்கள் தங்கள் கையால் எதையும் செய்வதில்லை. யாரோ ஒருவனின் கை அதைச் செய்கிறது, அவர்கள் பார்க்காமல் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மனிதர் வேறு விதம் என்று இவ்வளவு காலம் நம்பியிருந்தேனே என்று என்மேலேயே சலிப்பு வந்தது. ஒரு வாக்கால் எதுவும் ஆகாது என்று ரீச்சருக்குத் தெரியும். தன் வீட்டுக் கையெழுத்து ஒன்று மருமகளுக்கு எதிராகக் கடல் கடந்து போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. அதை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

கணவரின் கட்சிதான் வென்றது. இவ்வளவு நாளும் தொடாமல் விட்ட மருமகளை ஒரு காலை வீட்டு வாசலில் வைத்துக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகப் புறப்பட்ட நேரம். இதைச் சொன்னது கணவர்தான், படலையைப் பிடித்துக்கொண்டு. "பிழையாப் பிடிச்சிட்டினம், விட்டிடுவினம்" என்றார். விடவில்லை. அதன் பிறகு அவர் என்னோடு காலநிலையை மட்டும் பேசினார்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள ரீச்சர் அமெரிக்கா புறப்பட்ட அன்று நான் கடிதங்களோடு அந்தத் தெருவில் இருந்தேன். பெட்டியோடு வாசலில் வாடகைக்காருக்குக் காத்திருந்தார். கணவர் கீழே இறங்கி வரவில்லை. யன்னல் திரை மட்டும் அசைந்தது.

"அண்டைக்கு இரண்டையும் போட்டனீங்களோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம்."

"ஏன்?"

எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். என் ஒழுங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்: "தந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் என்ர வேலை. மற்றதை நான் யோசிக்க ஏலாது."

அவர் கோபப்படவில்லை. பழைய மரியாதையோடு தலையாட்டினார்.

"மருமகளைப் பிடிக்க வந்த பொடியனும் இதைத்தான் சொன்னவனாம், தன்ர வேலை எண்டு. நல்ல பொடியனாம். பிள்ளையின்ர சப்பாத்துக் கயிறு அவிண்டு கிடந்ததைக் குனிஞ்சு கட்டிவிட்டிட்டுத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனவனாம்."

கார் வந்தது. பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன். நான் செய்தது சரி என்று மனைவி இன்றும் சொல்கிறாள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. இருந்தும் அந்தப் பொடியனின் முகத்தை நினைக்க முயலும்போதெல்லாம் எனக்கு என் முகம்தான் வருகிறது. கார் திரும்பி மறைந்தபோது அந்தத் தெருவுக்குரிய கடிதங்கள் பையில் மிச்சம் இருந்தன. ஒன்றும் தவறாமல் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.