கமலநாதன் பூசிய சுவர்

சிமெண்டுப் பூச்சைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதில் பாதி, யாரோ ஆசையாய்ப் பூசிவிட்டுப் போனதைத் திட்டுவதிலேயே கழிகிறது. மலேசியாவில் சிகாமட்டுக்கு வெளியே அந்தப் பண்ணை வீட்டுச் சுவரைத் தட்டியபோதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“எந்த மடையன் இதைப் பூசுனது?”

“நான்தாம்மா,” என்றார் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற கமலநாதன்.

அறுபத்தொரு வயது. முப்பது வருடமாய் அந்த இடத்தின் காவலாளி. ஒரு காலத்தில் பால் பண்ணை. நடுவில் வளைவுகள் வைத்த செங்கல் வீடு; பின்னால் தனிச் சமையல்கட்டு, வண்டிக் கொட்டகை, நீண்ட மாட்டுக் கொட்டகை. மாடுகள் போய் வெகுகாலம் ஆயிற்று. சமையல்கட்டில் அவரும் மனைவி செல்வராணியும் குடியிருந்தார்கள். வேறு வீடு கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு வெள்ளத்தில் பெரிய வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். வடிந்த பிறகு சுண்ணாம்பு உரிந்து நின்ற சுவரைப் பார்க்க மனிதருக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே ஐந்தடி உயரத்துக்குச் சிமெண்டு பூசினார். நாலு மாதம். மற்றக் கட்டடங்களுக்கு வழக்கம்போல் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்ததோடு சரி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பூச்சை ஓரிடத்தில் பெயர்த்தேன். உள்ளே செங்கல், தேநீரில் ஊறிய ரொட்டியாய் விரலோடு வந்தது.

“தரையிலேருந்து ஈரம் ஏறும் அங்கிள். சுண்ணாம்பா இருந்தா வெளிய விட்டுடும். சிமெண்டு அடைச்சிடுச்சு.”

அவர் மழையிலேயே மாட்டுக் கொட்டகைக்குப் போய் உள்சுவரில் கை வைத்தார். காய்ந்திருந்தது.

“ஐயோ, அலமாக். இதுக்கு நான் ஒண்ணுமே செய்யலியேம்மா.”

“அதனாலதான் நல்லா இருக்கு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் நாக்கின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அவர் அங்கேயே நின்றுவிட, செல்வராணி என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுப் பிளேன் டீ கொடுத்தார்.

“வெள்ளத்தால போச்சுன்னு எழுதிடுங்கம்மா.”

ஏன் என்று எனக்குத் தெரியும். இடத்தைப் புதிதாய் வாங்கிய முதலாளி என் அறிக்கைக்காகக் காத்திருந்தார். வெள்ளம்தான் காரணம் என்றால், மறுபடியும் வரும் என்று எல்லாவற்றையும் இடித்துவிடுவார். அப்படி இடித்தால், மூவாரில் தன் மேசை நாற்காலிப் பட்டறையில் கமலநாதனுக்குக் காவல் வேலையும் ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தார். சிமெண்டுதான் காரணம் என்றால் பூச்சை உரித்து, காயவைத்து, வீட்டைக் காப்பாற்றலாம். ஆனால் கேட்காமல் கை வைத்தவனை ஒரு நாளும் வைத்திருக்க மாட்டேன் என்று முதலாளி என்னிடமே சொன்னவர். முப்பது வருடமாய்ச் சாவி கமலநாதன் கையில். யார் பூசியது என்று கேட்கவே வேண்டாம்.

எனக்குச் செங்கல் மேல் ஆசை. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்துக்கு எதிரே நோட்டில் ‘வெள்ளம்’ என்றுதான் எழுதினேன். உண்மையைச் சொன்னால், மனம் லேசாயிற்று.

“அம்மா, இங்க வாங்க.” பெரிய வீட்டிலிருந்து கமலநாதன் குரல். செல்வராணியும் என் பின்னாலேயே வந்தார்.

காலியான கூடத்தில், காலையில் நான் சோதித்தபோது இல்லாத ஒரு காலண்டர் சுவரில் தொங்கியது. சமையல்கட்டில் இருந்ததுதான்.

“ஏன் ராணி இத இங்க மாட்டுன?”

கமலநாதனே காலண்டரைக் கழற்றினார். காலையில் என் கண்ணில் படாமல் போன, சிமெண்டு ஈரமாய் இருந்தபோது ஆணியால் கீறிய எழுத்து: ‘கமலநாதன், 2011.’

“போட்டோ எடுத்துக்கிங்கம்மா. வீடு நிக்கட்டும்.”

“நாம எங்க போறது?” என்றார் செல்வராணி.

கமலநாதன் சுவரை விட்டு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். நான் படம் எடுத்தேன். செல்வராணி காலண்டரை வாங்கிச் சுருட்டிக்கொண்டு, சாமான் கட்டப் போனார்.