அமைச்சகத்து டெலிபோன் ஆபரேட்டர்

துனிஸ் நகரில், மாற்றுத்திறனாளிகள் நல அமைச்சகத்தின் தரைத்தளத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார் துஹாமி. பிறவியிலேயே கண் தெரியாதவர். மாடியில் அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீழே துஹாமி மட்டும் அப்படியே இருந்தார்.

கைரவானில் துணி தைத்துப் பிழைக்கும் ஸகிய்யா வாரம் தவறாமல் கூப்பிடுவாள். நடக்க முடியாத தம்பிக்குச் சக்கர நாற்காலி வேண்டும்.

"அமைச்சர் இருக்காரா?"

"அவர் போயிட்டாரும்மா. புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க."

"யா அல்லாஹ்! மறுபடி முதல்லேருந்தா? என் தம்பிக்கு ஒரு நாற்காலி கிடைக்கல. அங்க ஆள் மாத்தி ஆள் நாற்காலி கிடைச்சுக்கிட்டே இருக்கு!"

துஹாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த புது அமைச்சர் நஜ்வா அப்போது வாசலில்தான் நின்றிருந்தார்.

"என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லுங்களேன்."

துஹாமி எழுந்து நின்றார். உள்ளதைச் சொன்னார். நஜ்வா ரிசீவரை வாங்கினார்.

"நாற்காலி கிடைச்சவதான் பேசறேன். உங்க தம்பிக்குக் கொடுக்கிறதுதானே என் வேலை? சொல்லுங்க."

நெடுநேரம் கேட்டார். அந்த மாதமே கைரவானுக்கு நாற்காலி போய்ச் சேர்ந்தது. ஆலிவ் பறிக்கும் காலத்துக்குள் நஜ்வாவின் பதவியும் போனது.

அதன்பின் ஸகிய்யா கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு என்ன காரணம்? நல்லது நடந்தும் துஹாமிக்கு மனம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு நாள் துணிந்து அவரே எண்ணைச் சுழற்றினார்.

"அமைச்சகத்துலேருந்து பேசறேன். நாற்காலி எப்படி இருக்கு?"

"ஊரையே சுத்துறான். வீட்டுல தங்குறதே இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "இதைக் கேக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

"எனக்கு வயசாயிடுச்சு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. முன்னாடியே சொல்லிடறேன்."

"எனக்கு மூக்கு பெரிசாம். தடவிப் பார்த்தேன், உண்மைதான்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "வெள்ளிக்கிழமை வாங்க. அம்மா கூஸ்கூஸ் செய்வாங்க."

துஹாமி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பஸ் நிலையத்துக்குத் தம்பிதான் சக்கர நாற்காலியில் வந்து அழைத்துப் போனான். துஹாமி நாற்காலியின் பிடியைப் பிடித்துத் தள்ளினார். அவன் வழி சொன்னான். "இடது பக்கம் மச்சான், பள்ளம்!" என்று அவன் கத்தியதைக் கேட்டு ஸகிய்யா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இன்னும் ஒண்ணுமே பேசல, அதுக்குள்ள மச்சானா?" என்று தம்பியின் காதைத் திருகினாள்.

அடுத்த கோடையில் நிக்காஹ் நடந்தது.